தூண் சாய்கிறது, தரை நிமிர்கிறது: வளவிலேயே ஓவியம் பழகும் வழி

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. பள்ளியோடு விட்டுப்போன ஓவிய ஆசையை இப்போது மறுபடி தொட்டிருக்கிறேன். ஆயா வீட்டு வளவை (தூண்கள் சூழ்ந்த முற்றத்தை) வரைந்தால் தூண்கள் சாய்கின்றன, ஆத்தங்குடிக் கல் (பூவேலை செய்த சிமெண்ட் தரைக்கல்) பதித்த தரை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. 24 கலர் பெட்டி ஒன்று வாங்கினேன். எதைத் தொட்டாலும் சேற்று நிறமாகிறது, தாள் அப்பளம்போல நெளிகிறது. இங்கே வகுப்புகள் எல்லாம் குழந்தைகளுக்குத்தான். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எங்கே தொடங்குவது? போட்டோவைப் பார்த்து வரையலாமா?

பதில்: முதலில் அந்த வண்ணப் பெட்டியை ஒரு மாதம் மூடி வையுங்கள். தூணும் தரையும் சரியாக நிற்காத படத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது. உங்களுக்கு வகுப்பு கிடைக்கவில்லை என்பது பெரிய குறையில்லை. ஒரே உயரத்தில் வரிசையாகத் தூண்கள், கட்டம் கட்டமாகத் தரை, மேலிருந்து விழும் வெயில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் வளவைப்போல அளவும் ஒளியும் பழக வசதியான இடம் அதிகம் இல்லை.

இப்போதைக்கு ஹெச்பி, 2பி, 6பி பென்சில்கள், ஒரு அழிப்பான், ஏ4 அளவு வரைதாள், தாளைக் கிளிப் போட்டுப் பிடிக்க ஒரு பலகை போதும். பலகையை மடியில் படுக்கப் போடாதீர்கள். படுத்திருக்கும் தாளின் மேல்பக்கம் கண்ணுக்குக் குறுகித் தெரியும். அப்படிப் பார்த்து வரைந்த படத்தை நிமிர்த்திப் பிடித்தால் உருவமெல்லாம் நீண்டு போயிருக்கும். பலகையின் மேல்விளிம்பை ஒரு நாற்காலி முதுகில் சாய்த்து, பார்வைக்கு நேராக நிறுத்துங்கள். தூண் சாய்வதற்கு இன்னொரு காரணம் கை. மணிக்கட்டை ஊன்றி நீளக் கோடு போட்டால் அது வளைந்துதான் வரும். தோளிலிருந்து கையை மொத்தமாக இறக்குங்கள். ஒவ்வொரு தூண் கோட்டையும் தாளின் பக்கவாட்டு ஓரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அடுத்தது கண்மட்டக் கோடு. இதைப் பிடித்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும், தரையில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. அந்தக் கண் உயரத்தைக் குறிக்கும் மெல்லிய கோடு ஒன்றைத் தாளின் குறுக்கே போடுங்கள். தரை மட்டமாக இருக்கும்வரை, பக்கத்துத் தூணானாலும் கடைசித் தூணானாலும் அந்தக் கோடு எல்லாவற்றையும் அதே 4 அடி உயரத்தில்தான் வெட்டும். நம்பிக்கை வரவில்லையென்றால், முன்தூணிலும் பின்தூணிலும் 4 அடி உயரத்தில் நூல் கட்டிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நூலும் ஒரே மட்டத்தில் தெரியும். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் விட்டமும் போதிகை (தூணின் தலைப்பகுதி) வரிசையும் தூரம் போகப் போகக் கீழே இறங்கும், தரைக்கோடுகள் மேலே ஏறும். வளவின் நீளவாக்கில் நேராகப் பார்த்தால் இவை எல்லாம் அந்தக் கண்மட்டக் கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்.

தூண்களுக்கு இடையிலான தூரம் பின்னால் போகப் போகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கண்திட்டத்துக்கு விடவேண்டாம். முதல் இரண்டு தூண்களையும், அவற்றின் உச்சிகளையும் அடிகளையும் இணைக்கும் கோடுகளையும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் தூணின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். அடுத்தடுத்த தூண்களுக்கும் இதே முறை. இடைவெளி சமமாக உள்ள தூண்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

உங்கள் தரை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம், கல் சதுரமானது என்று மனது சொல்வதை அப்படியே கை வரைவதுதான். கண்ணுக்கு அது சதுரமாகத் தெரிவதில்லை. தாளின் கீழ்ப்பக்கம் கிடைக்கோடு ஒன்றைப் போட்டு, கல்லின் அகலத்துக்குச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் கண்மட்டக் கோட்டில் உள்ள அந்த ஒரே புள்ளியோடு இணையுங்கள். முதல் வரிசையின் ஆழத்தை மட்டும் பென்சிலால் அளக்க வேண்டும்: முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கல்லின் அகலத்தில் அதன் ஆழம் எத்தனை பங்கு என்று பாருங்கள். பாதிக்கும் குறைவாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். முதல் கல்லுக்கு ஒரு மூலைவிட்டம் போட்டு, அதை அப்படியே நீட்டுங்கள். அது அடுத்தடுத்த கோடுகளை வெட்டும் புள்ளிகளில் கிடைக்கோடுகள் போட்டால் மற்ற வரிசைகள் தானாக அமையும். இந்தக் கட்டம் சரியாகும்வரை பூவேலையைத் தொடாதீர்கள். கட்டம் சரியான பிறகும், முன்னால் உள்ள இரண்டு வரிசைகளில் மட்டும் பூ வரைந்தால் போதும். கடைசிக் கல்வரை பூப்போட்டால் தரை மறுபடி நிமிர்ந்துவிடும்.

இடையில் சில நாள் வளைவுகளையும் பழகுங்கள். கொட்டான் (ஓலைக்கூடை), தூக்குவாளி, மங்குக் (பீங்கான்) கிண்ணம் என வாய் வட்டமாக உள்ள எதுவும் ஆகும். கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே வைக்கிறீர்களோ அவ்வளவு அகலமாக வாய் திறந்து தெரியும். அடிப்பக்க வளைவு வாய் வளைவைவிடச் சற்று உருண்டிருக்கும். அதைத் தட்டைக் கோடாகப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராகக் கூடாது.

பிறகு ஒளி. வெள்ளை மங்குக் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். வெள்ளைத் தாள் முதல் 6பி கறுப்பு வரை ஐந்து படிகள் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியும் எந்தப் படி என்று பொருத்துங்கள். வெள்ளைக் கிண்ணத்தின் நிழல் பக்கம், வெயில் படும் சிவப்புத் தரையைவிட இருட்டாக இருக்கலாம். பொருள் வெள்ளை என்பதற்காகத் தாளை வெறுமனே விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு போடும் பழக்கத்தையும் இந்தக் கட்டத்திலேயே விடுங்கள்.

இனி வண்ணம். உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போஸ்டர் கலர் என்றால் அது ஒளி புகாத வண்ணம். நீர்வண்ணம்போல ஒன்றின்மேல் ஒன்றாக மெலிதாகப் பூச உதவாது. நீர்வண்ணக் குழாய்களில் ஆறு போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, கிரிம்சன், லைட் ரெட். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நீலச் சாம்பலிலிருந்து ஆழ்ந்த கறுப்புவரை கிடைக்கும். நிறைய நீர் சேர்த்தால் அதுவே சுண்ணாம்புச் சுவரின் நிழல். சியன்னாவைக் கூட்டினால் தேக்குத் தூண். சிவப்புத் தரைக்கு லைட் ரெட்டில் ஒரு துளி கிரிம்சன்.

சேற்று நிறம் வர மூன்று காரணங்கள் உண்டு. மூன்று வண்ணத்துக்கு மேல் கலப்பது ஒன்று. கழுவும் நீரிலேயே வண்ணம் கரைப்பது இன்னொன்று. இரண்டு பாத்திரம் வையுங்கள். எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, பாதி காய்ந்த பூச்சின்மேல் மறுபடி தூரிகை வைப்பது. தாள் பளபளவென்று ஈரமாக இருக்கும்போது திருத்தலாம். பளபளப்பு போய் ஈரம் மட்டும் மிச்சமிருக்கும்போது தொட்டால் அடிப்பூச்சு கிளம்பும், பூக்கோஸ் ஓரம்போல கறை விழும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

தாள் நெளிவது உங்கள் தவறில்லை. 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாள் நிறைய நீரைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாளை வாங்கி, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். செலவைக் குறைக்க வண்ணத்தில் குறையுங்கள், தாளில் குறைக்காதீர்கள். தூரிகைகளில் உருண்டை முனையில் 6, 10 எண்கள், ஒரு அங்குலப் பட்டை ஆகிய மூன்றும் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் பூச்சு பாதியிலேயே காய்ந்து கோடு விழும். ஃபேனை நிறுத்துங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு வண்ணம் முன்கூட்டியே கரைத்து வையுங்கள். பலகையைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழாக, கீழ் ஓரத்தில் தேங்கும் துளியை விடாமல் இழுத்துக்கொண்டே வாருங்கள். காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால் ஒரு படி கூடுதலாகவே போடுங்கள்.

மெருகேறிய தரையில் பிம்பம், நிழல் இரண்டும் தெரியும். இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தூணின் பிம்பம் எப்போதும் தூணுக்கு நேர் கீழே, உங்களை நோக்கி இறங்கும். நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் விழும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் நிழலின் ஓரங்களைக் குறித்துவிட்டு, பிறகு அவை நகர்ந்தாலும் மாற்றாதீர்கள்.

போட்டோ பார்த்து வரையலாம், ஆனால் மூன்று மாதம் நேரில் வரைந்த பிறகு. கைபேசி அகலப் பார்வையில் எடுப்பதால் பக்கத்துத் தூண் பெருத்து, எதிர்த் திண்ணை எங்கோ தள்ளிப் போகும். கூரையும் தெரியட்டும் என்று கைபேசியை மேலே சாய்த்தால் தூண்களெல்லாம் உள்ளே சாயும். உங்கள் படத்தில் உள்ள சாய்வில் ஒரு பங்கு அங்கிருந்தும் வந்திருக்கலாம். எடுப்பதானால் முடிந்தவரை பின்னால் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, கைபேசியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். நிழலுக்குள் இருக்கும் நிறங்களைப் போட்டோ கறுப்பாக்கிவிடும்; அவற்றை மட்டும் நேரில் பார்த்துத் தாள் ஓரத்தில் பூசிக் குறித்துக்கொள்ளுங்கள்.