டைனோவில் 148, விளம்பரத்தாளில் 177: டர்போ கார் டைனோ தாளை எப்படிப் படிப்பது?

கேட்டது இது: கோலாலம்பூரில் புரோட்டோன் எக்ஸ்50 டர்போவை டைனோவில் (சக்கரத்தை ரோலர் மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றினால் சக்கரத்தில் 148 எச்பி காட்டுகிறது. கம்பெனி சொல்வது 177 பிஎஸ். ஈசியூவை, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரை, டியூன் செய்தபின் (சக்தி கூடும்படி அதன் அமைப்பை மாற்றியபின்) 175 எச்பி. கார் மட்டமா, பட்டறை ஏமாற்றுகிறதா?

முதல் பாதி சுலபம். 177 என்பது இன்ஜின் கிராங்கில், அதாவது கியர்பாக்ஸுக்கு முன்னால் இன்ஜினின் சுழல் தண்டிலேயே, உள்ள சக்தி. ரோலருக்கு வருவது கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மிச்சம். எச்பி, பிஎஸ் இரண்டும் குதிரைசக்திதான், ஆனால் அலகு வேறு, 148 எச்பி என்றால் 150 பிஎஸ். ஆகக் குறைவது 27 பிஎஸ்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அதற்காக "15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழப்பில் ஒரு பகுதி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். டியூன் செய்து சக்தி கூடினால் அதே சதவீதத்தில் அதுவும் கூடிவிடாது. சக்கர எண்ணைச் சக்கர எண்ணோடு வைத்துப் பாருங்கள், போதும்.

இரண்டாம் பாதிதான் சிக்கல். தாளின் மூலையில் சின்ன எழுத்தில் எஸ்ஏஇ, எஸ்டிடி, அன்கரெக்டட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது வானிலைத் திருத்தம்: அளந்த எண்ணை ஒரு நிலையான வானிலைக்கு மாற்றிக் காட்டுவது. எஸ்ஏஇ, எஸ்டிடி இரண்டும் அதற்கான முறைகள், அன்கரெக்டட் என்றால் திருத்தாத எண். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி, 990 ஹெக்டோபாஸ்கல் உலர்காற்றை அடிப்படையாக எடுக்கிறது. எஸ்டிடி சுமார் 15.5 டிகிரி, 1013. நம் ஊர் மதியம் 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று போட்டுக் கணக்கிட்டால் எஸ்ஏஇ பெருக்கெண் சுமார் 1.04, எஸ்டிடி சுமார் 1.075. திருத்தாத 148, எஸ்ஏஇ-யில் 154 ஆகும், எஸ்டிடி-யில் 159 ஆகும். காரில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை!

இந்தச் சூத்திரங்கள் டர்போ இல்லாத இன்ஜினை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிய டர்போ கார்களில் ஈசியூ ஓர் இலக்கு அழுத்தத்தை வைத்து வேஸ்ட்கேட்டை (டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புகை வால்வு) ஆட்டுகிறது. வெளியே காற்று மெலிந்தால் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். ஈடுகட்டியதற்கு மேலே டைனோவும் ஒருமுறை கூட்டினால் எண் வீங்கும். வெப்பத்தின் பாதிப்பு மட்டும் நிஜம், ஏனென்றால் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலரால் அதை வெளிக்காற்றைவிடக் குளிராக்க முடியாது. அதனால் டர்போ காருக்குத் திருத்தாத எண்ணையும் எஸ்ஏஇ எண்ணையும் சேர்த்து வாங்குங்கள். எஸ்டிடி மட்டும் தருகிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது சூடு. சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றைப் பட்டறை மின்விசிறி கொடுப்பதில்லை. முதல் ஓட்டத்தில் 40 டிகிரியில் இருந்த உள்காற்று (இன்ஜினுக்குள் போகும் காற்று), மூன்றாவதில் 60-ஐத் தொடலாம். உடனே ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், சக்தி சரியும். டியூனுக்கு முந்தைய ஓட்டம் சூடான காரில் பானட்டை மூடிவைத்து, பிந்தைய ஓட்டம் சாப்பாட்டு நேரம் முடிந்து பானட்டைத் திறந்துவைத்து என்றால், லாபத்தில் பாதி மதிய உணவுக்குச் சேர வேண்டியது. இரு முறையும் மூன்று ஓட்டம், நடுவே ஒரே அளவு இடைவேளை, ஒரே பெட்ரோல். முன்பு ரோன் 95, பின்பு ரோன் 97 என்றால் எது டியூன், எது எண்ணெய் என்று பிரிக்க முடியாது.

கியரையும் கேளுங்கள். தாழ்ந்த கியரில் இன்ஜின் சடாரென்று ஏறிவிடும். டர்போ அழுத்தம் கட்ட நேரம் கிடைக்காது, கூடவே ஃப்ளைவீலையும் (இன்ஜினோடு சுழலும் கனமான தட்டு) சக்கரங்களையும் சுழற்றி முடுக்கவே சக்தி போகும். ரோலரைப் பிரேக் போட்டுத் தடுக்கும் பிரேக் வகை டைனோவில் ஏறும் வேகத்தை ஆபரேட்டரே வைக்கலாம்: அதே காரை 6 வினாடியில் ஓட்டினால் ஒரு வளைகோடு, 12 வினாடியில் ஓட்டினால் வேறு வளைகோடு.

தாளைச் சரிபார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ். 5500-ல் 165 பிஎஸ் என்றால் அங்கே முறுக்குவிசை 211 இருக்க வேண்டும். இல்லையென்றால் அலகு குழம்பியிருக்கிறது, அல்லது இரண்டும் ஒரே ஓட்டத்தின் எண்கள் அல்ல. ரோலர் டைனோவில் ஆர்பிஎம் சிக்னல் தப்பாக இருந்தாலும் சக்தி சரியாகவே வரும், ஏனென்றால் அது ரோலரின் விசை, வேகத்திலிருந்து வருவது. கெடுவது முறுக்குவிசை எண்தான். டயர் வழுக்கினால் கோட்டில் திடீர் முள் ஒன்று நிற்கும். அதை உச்சமாக எடுக்காதீர்கள். ஸ்மூத்திங் (கோட்டின் மேடுபள்ளத்தை மழுப்பும் அமைப்பு) 5-ல் வைத்த கோடு வழவழவென்று இருக்கும். 0-ல் கேளுங்கள், மேல் ஆர்பிஎம்மில் ரம்பம் போல் இருந்தால் பெரும்பாலும் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாதது), பிளக் இடைவெளியைப் பார்க்கணும்.

உங்கள் 148-க்கும் 175-க்கும் வருவோம். இரண்டும் ஒரே மெஷின், ஒரே கியர், ஒரே திருத்தம், உள்காற்று 5 டிகிரிக்குள் என்றால் 27 எச்பி நம்பக்கூடிய லாபம். முதல் தாள் அன்கரெக்டட், இரண்டாவது எஸ்டிடி என்றால் அதில் 11 வெறும் காகிதம், டியூனின் பங்கு 16-ஐச் சுற்றித்தான். மூலையில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.