படிக்கும்போது புரிகிறது, தேர்வில் வரமாட்டேன் என்கிறது

வணக்கம். பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிப் படிக்கிறீர்கள், அப்போது எல்லாம் புரிகிறது, தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஞாபகசக்தியில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. சுருக்கும் வேலையைச் சாட்ஜிபிடியே செய்துவிடுவதால் உங்கள் மூளைக்கு வேலையே இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

அதனால் சாட்ஜிபிடியை உங்களிடம் கேள்வி கேட்க வையுங்கள். பாடத்தை நீங்களே ஒருமுறை படித்து, மூடிவைத்துவிட்டு இப்படித் தட்டுங்கள்: “மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதியை என் சொற்களில் விளக்குகிறேன். விடையைச் சொல்லாதே. நான் தடுமாறும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேள்.” காந்தம் சுருளை நெருங்கும்போது மின்னோட்டம் எந்தத் திசையில் என்று கேட்டால் பலரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் போய்ப் பாருங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கணக்கில் தப்பான விடையையும் அது அடித்துச் சொல்லும். சூத்திரத்தையும் அலகையும் பாடநூலோடு ஒப்பிடுங்கள். தவறிய கேள்விகளைக் குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.