லினக்ஸில் பாக்கெட் டைம்ஸ்டாம்ப் (பாக்கெட் வந்த, போன நேர முத்திரை): கேள்வி பதில்

ரோஸ்ஹில்: ஐயா, சாக்கெட்டில் சாஃப்ட்வேர், ஹார்டுவேர் இரண்டு டைம்ஸ்டாம்பும் கேட்டேன். சாஃப்ட்வேருக்கான முதல் இடத்தில் நேரம் வருகிறது, ஹார்டுவேருக்கான மூன்றாவது இடம் பூஜ்யம்.

சாக்கெட்டில் கேட்பது பாதி வேலைதான். நெட்வொர்க் கார்டையும் தனியாக முடுக்க வேண்டும். அதற்கான ஐஆக்டலுக்கு (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) நெட் அட்மின் உரிமை, அதாவது நெட்வொர்க் அமைப்பை மாற்றும் உரிமை, தேவை. அதற்கும் முன்னால் ஈத்டூல் என்ற கார்டு அமைப்புக் கட்டளையில் பெரிய எழுத்து டி போட்டு, கார்டுக்கு அந்த வசதி உண்டா என்று பாருங்கள். சின்ன டி போட்டுவிடாதீர்கள். அது செல்ஃப் டெஸ்ட், ஓடும் இணைப்பையே துண்டிக்கக்கூடும்.

அடுத்தது ஃபில்டர், அதாவது வரும் பாக்கெட்டில் எதற்கு நேரம் போடுவது என்ற தேர்வு. பிடிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) பாக்கெட்டுக்கு மட்டும் என்று வைத்தால் சாதாரண யுடிபிக்கு நேரம் வராமல் போகலாம். டிரைவர் கேட்டதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்கக் கூடாது. எதைத் தந்தது என்பதை, ஐஆக்டலுக்கு நீங்கள் கொடுத்த அதே ஸ்ட்ரக்ட்டில் எழுதி அனுப்பும். கால் முடிந்ததும் திரும்பப் படியுங்கள்.

போர்ட் லூயிஸ்: நம்ம மொரீஷியஸ் நேரம் யுடிசி +4. நாலு மணி கழிக்க வேண்டுமா?

வேண்டாம். எபோக் வினாடிக்கு (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடி) ஊர் கிடையாது. உதைப்பது 37 வினாடி: பிடிபி வழக்கமாக டிஏஐ (லீப் வினாடி சேர்க்காத அணு நேரம்) அளவில் ஓடும், கணினிக் கடிகாரம் யுடிசியில். 2017 முதல் இடைவெளி அதுதான்.

கத்ர் போர்ன்: அனுப்பிய பாக்கெட்டின் நேரம் எங்கே?

சாக்கெட்டின் எரர் க்யூவில் (பிழைச் செய்திகளுக்கான தனி வரிசை).

சென் தெனி, ரீயூனியன்: டிரைவர் எழுதுகிறேன். எஸ்கேபி_டிஎக்ஸ்_டைம்ஸ்டாம்பை (சாஃப்ட்வேர் நேரம் போடும் செயற்கூறு) டோர்பெல்லுக்குப் பிறகு, அதாவது புதுப் பாக்கெட் இருக்கிறது என்று கார்டுக்குச் சொன்ன பிறகு, அழைத்தால் துல்லியம் கூடுமே?

கூடவே கூடாது. டிஸ்கிரிப்டரின் (பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் பதிவு) உரிமையைக் கார்டிடம் கொடுப்பதற்கு முன்னால் அழையுங்கள். கொடுத்த பிறகு பாக்கெட் போய், கம்ப்ளீஷன் இன்டரப்ட் (அனுப்பி முடிந்தது என்ற கார்டின் அறிவிப்பு) வேறொரு சிபியுவில் ஓடி, எஸ்கேபியை (கெர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் பெட்டி) விடுவித்துவிடலாம். நீங்கள் தொடுவது செத்த நினைவகம்.

சென் தெனி: மூன்று மாதமாக ஓடுகிறது, ஒருமுறைகூட விழவில்லை. டைம்ஸ்டாம்பை யாரும் கேட்பதும் இல்லை.

கேட்காவிட்டாலும் அந்தச் செயற்கூறு எஸ்கேபியின் கொடியைப் படித்தே தீரும். கேசான் (நினைவகப் பிழை பிடிக்கும் கருவி) போட்ட கெர்னலில், பல சிபியுக்களில் சுமை ஏற்றிப் பாருங்கள்.

டர்பன்: டோர்பெல்லுக்கு முன், உரிமை கொடுத்த பின் அழைக்கலாமே? கார்டு தூங்கிக்கொண்டுதானே இருக்கும்?

தூங்காது தம்பி. ஏற்கெனவே ரிங்கை (டிஸ்கிரிப்டர்களின் வட்ட வரிசை) ஓட்டிக்கொண்டிருக்கும் கார்டு, டோர்பெல்லுக்குக் காத்திராமல் அடுத்த டிஸ்கிரிப்டரையும் எடுத்துவிடலாம். இந்தச் சில நானோவினாடிக்காகத்தானே இத்தனை வாதம்? டிஎம்ஏ (கார்டு நினைவகத்தை நேரடியாகப் படிப்பது), ரிங்கில் முன்னால் நிற்கும் பாக்கெட்டுகள் என்று அதைவிடப் பெரிய தாமதம் அதற்கப்புறம்தான் வருகிறது. துல்லியம் வேண்டுமென்றால் ஹார்டுவேர் முத்திரைக்கு வாருங்கள். முத்திரை கைக்கு வரும்வரை எஸ்கேபியை விடாதீர்கள்.

கியூர்பிப்: எனக்கும் மூன்றாவது இடம் பூஜ்யம்.

முதல் பதில்.

வகோவா: கார்டின் கவுண்டர் 32 பிட் நானோவினாடி. நேரம் திடீரென்று பின்னால் போகிறது.

அது 4.29 வினாடிக்கு ஒருமுறை நிரம்பிப் பூஜ்யத்துக்குச் சுற்றும். டைம்கவுண்டரை (கவுண்டரின் சுற்றுகளைச் சேர்த்து எண்ணும் கெர்னல் வசதி) ஒரு டிலேய்டு வொர்க்கில் (குறித்த நேரம் கழித்து ஓடும் வேலை) வைத்துப் பாதிச் சுற்றுக்குள், அதாவது இரண்டு வினாடிக்குள், படித்துக்கொண்டே இருங்கள். பூட்டு போட மறக்காதீர்கள். பாக்கெட் வரும் பாதையும் அதையே படிக்கிறது.

எபேன்: சாஃப்ட்வேர் நேரம் கொத்துக் கொத்தாக வருகிறது, மூன்றாவது இடமும் பூஜ்யம்.

கொத்துக்குக் காரணம் இன்டரப்ட் கோலசிங் (பல பாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே இன்டரப்ட்). ஈத்டூலில் பெரிய சி போட்டு ஆர்எக்ஸ்-யுசெக்ஸை (இன்டரப்ட் தருமுன் கார்டு காத்திருக்கும் மைக்ரோவினாடி) குறையுங்கள், சிபியு சுமை ஏறும். பூஜ்யத்துக்கு: பெரிய டி. சின்னது அல்ல.