பரபரப்பு ஒரு தோல் சமாச்சாரம்

கேள்வி: 'சென்சேஷன்' என்ற சொல்லுக்கு உணர்ச்சி சரியா, பரபரப்பு சரியா? உங்கள் இதழில் இரண்டுமே குறைகிறதே!
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: குத்தலுக்கு நன்றி. குத்தலும் உடம்பில் படுகிற சங்கதிதான்.

இரண்டுமே சரி. மரத்த காலில் உணர்ச்சி இல்லை என்கிறோம். மேடையில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டார் என்றும் எழுதுகிறோம். பரபரப்பும் தோலில் பிறந்ததே. அடிக்கத் துடிக்கிற கை பரபரக்கும். மிளகைக் கடித்த நாக்கு விறுவிறுக்கும். அது தொடர்கதைக்குக் குடிபோய் விறுவிறுப்பு ஆனது. போர்வைக்குள் கதகதப்பு, உள்ளங்காலில் குறுகுறுப்பு, நடுப்பக்கத்தில் கிளுகிளுப்பு. மரத்துப்போனால் மதமதப்பு. அதை மட்டும் எவரும் அட்டையில் போடுவதில்லை. உள்ளே தாராளமாகத் தருகிறோம்.

விறுவிறு என்றதும் பழைய வழக்கு ஒன்று. கார்ப்பு அறுசுவையில் ஒன்று என்று சண்டைக்கு வருபவர்கள் இன்னும் ஓயவில்லை. சுவைமொட்டுக்குக் காரம் தெரியாது, ஐயா! மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் என்ற பொருள் போய் ஒட்டுவது, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் திறக்கிற நரம்பு வாசலில். பெயர் டிஆர்பிவி1. விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் அடையாளம் கண்டது. 2021-இல் அவருக்கு நோபல், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியனோடு பாதிப்பாதி. பழைய சோற்றோடு கடித்த பச்சைமிளகாயில் சூடு ஏது? இருந்தும் மூளைக்குச் 'சுடுது' என்று தகவல் போகிறது; வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. தீயே இல்லாமல் தீயணைப்பு வண்டி. பெட்டிக்கடை வாசலில் கேள்விக்குறியோடு தொங்குகிற போஸ்டருக்கும் இதே தொழில்தான். மிளகாயைத் தினம் தின்றால் அந்த நரம்பு வாசல் மந்தமாகும். நேற்று ஒரு ஆச்சரியக்குறி போதுமாயிருந்தது, இன்று மூன்று.

காரத்துக்குத் தண்ணீர் குடிப்பவர்கள் கவனிக்க: கேப்சைசின் நீரில் அநேகமாகக் கரையாது, தண்ணீர் அதை வாயெல்லாம் பரப்பிவிடும். ஒரு வாய் பால் போதும், கொழுப்பு எடுத்ததானாலும் சரி. அதிலுள்ள கேசீன் என்ற புரதம் காரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால், முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெய் தேய்த்து, நகக்கண்ணிலும் விட்டு, பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். அதற்குள் கண் அரித்தால் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.