டிஃப் காட்டாத வரிகள்

வாசகர் கேள்வி–பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வரும் பேட்ச்களை (நிரலில் செய்யும் மாற்றங்களை அஞ்சலில் அனுப்பும் தொகுப்புகளை) படித்துப் பார்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிழை 0, எச்சரிக்கை 0 என்று வந்தது. கம்பைலும் ஆனது. ஆனாலும் ரிவ்யூ செய்தவர் என் டிரைவர் பேட்சில் நான்கு தவறுகளைக் காட்டிவிட்டார். எதை வைத்து இவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: செக்பேட்ச் பெரும்பாலும் நிரலின் தோற்றத்தைத்தான் பார்க்கிறது. டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறதா, வரி 100 எழுத்தைத் தாண்டுகிறதா, அனுப்புபவர் பெயரிட்டு உறுதியளிக்கும் சைன்ட்-ஆஃப்-பை வரி விட்டுப்போயிற்றா என்பதெல்லாம் அதன் வேலை. எந்த லாக் (ஒரு தரவை ஒரே நேரத்தில் ஒருவரே தொடும்படி காக்கும் பூட்டு) கையில் இருக்கும்போது எந்த வரி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. கம்பைலருக்கும் தெரியாது. மனிதர் உட்கார்ந்து படிப்பது இதற்காகத்தான்.

பழகியவர்கள் டிஃபிலிருந்து, அதாவது மாறிய வரிகளைக் காட்டும் பகுதியிலிருந்து, தொடங்குவதில்லை. முதலில் கமிட் செய்தி, அதாவது மாற்றத்தோடு எழுதும் விளக்கம். என்ன கோளாறு, யாருக்கு எப்போது வருகிறது, ஏன் இந்த வழியில் சரிசெய்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "நல் பாயின்டரைச் சரிபார்க்கும் வரி சேர்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பாயின்டர் எப்படி நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆனது என்ற கேள்வி உடனே எழும். பல நேரங்களில் உண்மையான வழு அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இருக்கும். பேட்ச் வெறும் அறிகுறியை மூடியிருக்கும்.

அடுத்துதான் டிஃப். அது மாறிய வரிக்கு மேலே 3, கீழே 3 வரிகளை மட்டுமே காட்டும். அந்த ஆறு வரியை நம்பி முடிவெடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பேட்சை உங்கள் மரத்தில் (உங்களிடம் உள்ள கெர்னல் நிரல் நகலில்) போட்டுவிட்டு, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ஷோ கட்டளைக்குப் பெரிய எழுத்து டபிள்யூ விருப்பத்தைக் கொடுங்கள். மாற்றம் நடந்த ஃபங்ஷன் முழுவதும் தெரியும். பிறகு அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று கிட் கிரெப் போட்டுத் தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. டிஃபில் புதிதாக, நினைவகம் கேட்கும் ஒரே ஒரு கே-மாலாக் வரி. எப்படி ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கொடி ஜிஎஃப்பி கெர்னல். திரும்பி வந்த பாயின்டர் நல் ஆக இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை போலத் தோன்றும். முழு ஃபங்ஷனைத் திறந்தால் இருபது வரிக்கு மேலே ஸ்பின்லாக் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஜிஎஃப்பி கெர்னல் என்றால் "நினைவகம் இல்லையென்றால் காத்திருக்கிறேன்" என்று பொருள். அதாவது இந்த வேலை தூங்கப் போகலாம். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதே லாக்குக்காக இன்னொரு சிபியு சுற்றிச் சுற்றிக் காத்துக்கொண்டிருக்கும், கணினி அப்படியே நின்றுவிடலாம். எழுதியவரின் கணினியில் நினைவகம் தாராளமாக இருந்ததால் ஒருமுறைகூடத் தூங்க நேர்ந்திருக்காது, சோதனையெல்லாம் தேறியிருக்கும். சுமை ஏறிய சர்வரில்தான் வெடிக்கும்.

இதைப் பிடிக்க டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற கெர்னல் அமைப்பைப் போட்டு பில்ட் செய்யுங்கள். உண்மையில் தூங்காவிட்டாலும், தூங்கக்கூடிய ஃபங்ஷனைத் தவறான இடத்தில் அழைத்ததாக, கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் வந்துவிடும். கூடவே ப்ரூவ் லாக்கிங், காசான் இரண்டையும் போட்டுக்கொள்வது நல்லது. முன்னது லாக் பிடிக்கும் வரிசையில் உள்ள சிக்கலையும், பின்னது விடுவித்த நினைவகத்தைத் தொடுவதையும் பிடிக்கும்.

சரிசெய்ய, கொடியை ஜிஎஃப்பி அட்டாமிக் என்று மாற்றினால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். அது தூங்காது, உண்மைதான். ஆனால் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம், அவசரத்துக்கென்று வைத்திருக்கும் இருப்பிலும் கை வைக்கும். லாக்கைப் பிடிக்கும் முன்பே நினைவகத்தை வாங்கிவிடுவதுதான் சுத்தமான வழி. அப்படிச் செய்தால், வாங்கியதற்கும் லாக் கிடைத்ததற்கும் இடையில் நிலைமை மாறியிருக்கலாம். லாக்குக்குள் மறுபடி சரிபார்த்து, தேவையில்லை என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தி அனுப்பும் வி2 (இரண்டாம் பதிப்பு) பேட்சில் நாம் தேட வேண்டியது அந்தச் சரிபார்ப்பைத்தான்.

டிரைவர் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில் நினைவகம், கிளாக், இன்டரப்ட் (சாதனம் கவனம் கேட்டு அனுப்பும் குறுக்கீடு) என்ற வரிசையில் எடுத்தால், நடுவில் தோற்கும்போது தலைகீழ் வரிசையில் விட வேண்டும். இன்டரப்ட் கிடைக்கவில்லையென்றால் கிளாக்கை நிறுத்தும் லேபிளுக்கு கோட்டூ (குறித்த இடத்துக்குத் தாவும் கட்டளை) போக வேண்டும், அதைத் தாண்டி நினைவகத்தை விடும் லேபிளுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு கோட்டூவையும் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

எடுத்தவற்றைத் தாமாகவே விட்டுவிடும் டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் இந்தத் தொல்லையைக் குறைக்கின்றன. பாதிக்கு அதையும் பாதிக்குக் கையாலும் செய்தால் வேறொரு குழி காத்திருக்கிறது. டெவ்எம் வழியாக எடுத்தவை டிரைவர் விலகும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகே விடப்படும். கிளாக்கை ரிமூவில் கையால் நிறுத்துகிறீர்கள், இன்டரப்ட்டோ டெவ்எம் கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஓர் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் போய் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கும். சில சிப்களில் பஸ்ஸே உறைந்துவிடும். கிளாக்கையும் டெவ்எம் வழியாகவே எடுங்கள், அல்லது ரிமூவில் முதல் வேலையாக இன்டரப்டை விடுங்கள்.

கேள்வி: பயனர் நிரலிலிருந்து வரும் எண்ணைப் பெருக்கி நினைவகம் ஒதுக்கினேன். "இப்படிப் பெருக்காதே" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார்கள். அளவு சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: நல்ல எண் வந்தால் சரி. ஒவ்வொன்றும் 16 பைட், எண்ணிக்கை 32 பிட் மாறியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேண்டுமென்றே 26,84,35,457 என்று அனுப்புகிறார். 16ஆல் பெருக்கினால் 429,49,67,312. 32 பிட்டில் அது அடங்காது. நிரம்பி வழிந்தபின் மிஞ்சுவது 16. கெர்னல் 16 பைட் ஒதுக்கிவிட்டு, கோடிக்கணக்கான உறுப்புகள் இருப்பதாக நம்பி எழுதத் தொடங்கும். கே-மாலாக்-அரே அல்லது கே-கேலாக்கைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கையையும் உறுப்பின் அளவையும் தனித்தனியாகக் கொடுத்தால், பெருக்கல் வழிந்தால் அவை நல் திருப்பும். அழைக்கும் முன்பே நீங்கள் பெருக்கிவிட்டால் பயனில்லை. ஒற்றை வரியில் திருப்பி அனுப்பியவர் இந்தக் கணக்கையும் காட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: ஐஆக்டல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) ஒன்றில் புதிய ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகள் கொண்ட தரவு வடிவம்) சேர்க்கும் பேட்சை மட்டும் ஏன் இவ்வளவு நாள் ஆராய்கிறார்கள்?

பதில்: பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் கண்டிப்பான விதி. கெர்னலுக்குள் இருக்கும் ஃபங்ஷனை நாளைக்கே மாற்றலாம். பயனர் பக்கம் தெரியும் ஸ்ட்ரக்டை ஒருமுறை வெளியிட்டுவிட்டால், அதை நம்பி ஒரு நிரல் இருக்கும்வரை சுமக்க வேண்டும்.

பார்ப்பவர் பென்சில் எடுத்து பைட் கணக்குப் போட வேண்டும். முதலில் 32 பிட் உறுப்பு, அடுத்து 64 பிட் உறுப்பு என்றால், 64 பிட் கணினியில் நடுவில் 4 பைட் வெற்றிடம் விழும். 32 பிட் எக்ஸ்86இல் அந்த வெற்றிடம் விழாது. ஒரே ஸ்ட்ரக்ட் இரண்டு வடிவம் எடுத்துவிட்டது. போதாக்குறைக்கு, அந்த 4 பைட்டில் கெர்னல் ஸ்டாக்கின் பழைய மிச்சம் இருந்தால் அது பயனருக்கு அப்படியே கசியும். வெற்றிடத்துக்கு ஒரு ரிசர்வ்டு உறுப்பை நீங்களே வைத்து, வெளியே அனுப்பும்போது பூஜ்ஜியமாக்குங்கள். உள்ளே வரும்போது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் பிழை திருப்புங்கள். இந்தக் கடைசிச் சோதனை இல்லாவிட்டால் பின்னாளில் அந்த உறுப்புக்கு வேலை கொடுக்க முடியாது, ஏற்கெனவே யாராவது அதில் குப்பையை அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: பேட்ச் அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. மறுபடி அனுப்பலாமா?

பதில்: முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். புதிய பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ. மெயின்டெய்னர்கள் (ஒவ்வொரு பகுதியின் பொறுப்பாளர்கள்) சேர்த்து வைத்ததை மேலே அனுப்பும் நேரம் அது, புதிய பேட்சைப் பலர் தொடவே மாட்டார்கள். அது முடிந்ததும் முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி1 வரும். பிறகு வாரம் ஒன்றாக ஆர்சி7 வரை, சில நேரம் ஆர்சி8 வரை போகும். ஆர்சி1 முதல் ஆர்சி5 வரைதான் ரிவ்யூ கேட்க நல்ல காலம்.

காலம் சரியென்றால் முகவரியைப் பாருங்கள். ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை உங்கள் பேட்ச் மேல் ஓட்டினால், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். அஞ்சல் போய்ச் சேர்ந்ததா என்பதும் சந்தேகமே. எச்டிஎம்எல் அஞ்சலைக் கெர்னலின் அஞ்சல் சர்வர் ஏற்காது. சில அஞ்சல் மென்பொருள்கள் டேப்பை ஸ்பேஸாக்கிவிடும், நீண்ட வரியை மடித்துவிடும். அப்படி வந்த பேட்ச் யாருடைய மரத்திலும் பொருந்தாது. கிட் செண்ட்-ஈமெயில் கொண்டு முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை கிட் ஏஎம் கொண்டு போட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அதே அஞ்சலுக்குப் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். குறைந்தது ஒரு வாரம் விட்டிருக்க வேண்டும், பத்து நாள் என்பதால் தவறில்லை. எதையும் மாற்றாமல் திரும்ப அனுப்பினால் தலைப்பில் ரீசெண்ட் என்று போடுங்கள். மாற்றியிருந்தால் வி2. என்ன மாற்றினீர்கள் என்பதை, கமிட் செய்திக்கு அடுத்து வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது வரலாற்றில் பதியாது, பார்ப்பவருக்கு மட்டும் உதவும்.

கேள்வி: 12 கோப்புகளைத் தொடும் பேட்சை "உடைத்து அனுப்பு" என்றார்கள். எப்படி உடைப்பது?

பதில்: கோப்பு வாரியாக அல்ல, காரணம் வாரியாக. ஒரு பேட்சுக்கு ஒரு காரணம். ஒரு ஃபங்ஷனை வேறு கோப்புக்கு நகர்த்தி அதையே மாற்றவும் வேண்டுமா? முதல் பேட்சில் நகர்த்த மட்டும் செய்யுங்கள், ஓர் எழுத்தும் மாறக் கூடாது. இரண்டாவதில் மாற்றுங்கள். பார்ப்பவர் முதலாவதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, தன் கவனம் முழுவதையும் இரண்டாவதற்குத் தருவார்.

தொடரின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெர்னல் பில்ட் ஆகி பூட் ஆக வேண்டும். ஆயிரம் கமிட்களுக்குள் வழு எங்கே நுழைந்தது என்று கிட் பைசெக்ட் பத்துப் படிகளில் சொல்லிவிடும். நடுவில் பில்ட் ஆகாத கமிட் ஒன்று இருந்தால் தேடுபவர் அங்கே மாட்டிக்கொள்வார். அனுப்பும் முன் கிட் ரீபேஸுக்கு எக்செக் விருப்பத்தில் மேக் கட்டளையைக் கொடுங்கள், ஒவ்வொரு கமிட்டையும் தனித்தனியாக பில்ட் செய்து பார்த்துவிடும்.

கேள்வி: கமிட் செய்தியின் முடிவில் வரும் ஆக்ட்-பை, ரிவ்யூட்-பை, டெஸ்டட்-பை ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

பதில்: ஆக்ட்-பை என்றால் "இதில் எனக்கு உடன்பாடு". பெரும்பாலும் அந்தப் பகுதியின் மெயின்டெய்னர் தருவது, வரி வரியாகப் படித்தார் என்று அதற்குப் பொருளில்லை. ரிவ்யூட்-பை தந்தவர் தொழில்நுட்ப ரீதியாகப் படித்து, ஐயங்களை எழுதியவரிடம் சொல்லி, பதிலில் நிறைவடைந்திருக்கிறார். டெஸ்டட்-பை ஓட்டிப் பார்த்ததற்கு. எந்த வன்பொருளில் என்றும் சொல்லுங்கள். இவற்றை நீங்களாக யாருக்கும் போடக் கூடாது. வி3இல் பேட்சைப் பெரிதாக மாற்றிவிட்டால் பழைய ரிவ்யூட்-பையை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: கெட்ட எண்ணத்தோடு வரும் பேட்சை ரிவ்யூவில் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும், எப்போதும் அல்ல. 2003 நவம்பரில் கெர்னல் நிரலின், சிவிஎஸ் என்ற பதிப்புக் கருவியில் இருந்த நகலுக்குள் யாரோ இரண்டு வரி நுழைத்தார்கள். வெயிட்4 என்ற சிஸ்டம் காலில், தவறான கொடிகள் வந்தால் பிழை திருப்பும் சோதனை போலவே அது இருந்தது. பயனர் எண் பூஜ்ஜியமா என்று கேட்க இரண்டு சமக்குறி வேண்டும், அங்கே ஒன்றுதான் இருந்தது. அதாவது ஒப்பிடவில்லை, பூஜ்ஜியத்தை வைத்துவிட்டது. அந்தக் கொடிகளோடு அழைத்தவர் ரூட் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) ஆகிவிடுவார். அடைப்புக்குறிக்குள் போட்டிருந்ததால் கம்பைலரும் எச்சரிக்காது. பூஜ்ஜியம் பொய் என்பதால் பிழையும் திரும்பாது.

மூல மரம் அப்போது பிட்கீப்பர் என்ற வேறொரு பதிப்புக் கருவியில் இருந்தது. நகலில் இருந்த அந்த மாற்றத்துக்கு மூலத்தில் பதிவே இல்லை என்பதை வைத்துத்தான் பிடித்தார்கள். முறைப்படி பேட்சாக வந்திருந்தால் படிப்பவர் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: இந்தச் சோதனை ஏன் இப்போது தேவை? கொடிகளைச் சோதிக்கும் இடத்தில் பயனர் எண்ணுக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு சி தெரியும், கெர்னல் தெரியாது. நான் ரிவ்யூ செய்தால் யாராவது மதிப்பார்களா?

பதில்: மதிப்பார்கள். பேட்ச் எழுதுபவர்களைவிடப் படிப்பவர்கள்தான் எப்போதும் குறைவு. ஒரே ஒரு சிறிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் கையில் உள்ள ஒரு வன்பொருளின் டிரைவராக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஒரு மாதம் வந்த பேட்ச்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் மட்டும் படியுங்கள். பிறகு ஒவ்வொரு பேட்சையும், மற்றவர்களின் பதிலைப் பார்க்கும் முன் நீங்களே படித்துக் குறிப்பெடுத்து ஒப்பிடுங்கள். பி4 என்ற கருவியின் ஷசாம் கட்டளை, தொடர் முழுவதையும் உங்கள் மரத்தில் போட்டுத் தரும்.

எழுதத் தொடங்கும்போது, சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் மேற்கோளாக வைத்து அதற்கு நேர் கீழே கருத்தை எழுதுங்கள். எந்த வழியில் போனால் எங்கே உடையும் என்று சொல்லுங்கள். "இது சரியில்லை" என்பது பயன்படாது, "மூன்றாவது கோட்டூ வழியாக வெளியேறினால் கிளாக் நிற்காது" என்பது பயன்படும். கட்டாயம் திருத்த வேண்டியதையும் உங்கள் விருப்பத்தையும் பிரித்துக் காட்டுங்கள். புரியாத இடத்தில் தயங்காமல் கேளுங்கள்: "இங்கே இந்த லாக் பிடிக்கப்பட்டிருக்கும் என்று எப்படித் தெரியும்?" எழுதியவருக்கே விடை தெரியாவிட்டால் வழு அங்கேதான் இருக்கிறது. விடை தெரிந்தால், அதை ஒரு கமென்டாக நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.