தலைதீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி 18 பேருக்கு வீட்டிலேயே விருந்து: பிரியாணி போடலாமா?

கேள்வி: தங்கைக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து 18 பேர். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டை வெளியே ஆர்டர் சொல்லாமல் வீட்டிலேயே செய்ய ஆசை. பிரியாணி போடலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பிரியாணி வேண்டாம். மதியச் சாப்பாடு என்றால் தாராளமாகப் போடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் வேண்டவே வேண்டாம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்களுக்கு மதுரை. என் தங்கையின் தலைதீபாவளி சமயத்தில் அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். சீரகச் சம்பா 2 கிலோ, வெள்ளாட்டுக் கறி 3 கிலோ. தங்கையும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், 8 மணிக்கெல்லாம் மாட்டுத்தாவணியில் இறங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு ஏழே காலுக்குத் தம் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்தால், அடடா, பருக்கை பருக்கையாக உதிர்ந்து நிற்கிறது. தெருவுக்கே வாசம். அந்த நேரம் பார்த்து போன்: "அண்ணே, இப்பதான் திருச்சி தாண்டுறோம். ஒரே டிராபிக்."

அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால். சீரகச் சம்பா பொடி அரிசி. மூடின சூட்டிலேயே கிடந்தால் ஊறிக்கொண்டே போகும். அடியில் கூழ், மேலே விறைத்துப்போன சோறு. தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்துச் சூடு பண்ணினேன், இருந்ததும் கெட்டது. மாப்பிள்ளை பாவம், "நல்லாருக்கு அத்தை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். மறுசோறு கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை மறுசோறு கேட்காவிட்டால் பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவருக்கு அம்மா இட்லியும் கறிக்குழம்பும் வைத்தார். 9 இட்லி. நான் எண்ணினேன். அடுப்படியில் வைத்து அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சோறுன்னா ஆளு சோத்துக்காகக் காத்துக் கெடக்கணும்டா. குழம்பு ஆளுக்காகக் காத்துக் கெடக்கும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி விருந்து என்றால் கறிக்குழம்புதான். ஒருவர் 7 மணிக்கு வரட்டும், இன்னொருவர் கடையைச் சாத்திவிட்டுப் பத்து மணிக்கு வரட்டும், குழம்புக்குக் கவலையில்லை. இன்னொன்று, மறுநாள் காலை நாலு மணிக்கு எழுந்து குளிக்க வேண்டியவர்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி போட்டால், லேகியம் கொடுத்தும் சமாளிக்க முடியாது.

சரி, சமையலுக்குப் போகும் முன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பமாக இருந்தால் முதல் நாளே கறி சேர்க்காமல் இருக்கலாம். அமாவாசை முடிந்ததும் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும், அதற்காக முன்கூட்டியே நிறுத்துகிறவர்களும் உண்டு. ஒரே வீட்டில் மாமியார் மட்டும் சைவம் என்பதும் சகஜம். ஒருவர் இருவர் என்றால் அவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்டுக் காரக்குழம்பு வைத்துவிடுங்கள். அதுவும் காத்திருக்கிற சாதிதான், நேரம் ஆக ஆக ருசி கூடும். தனிக் கரண்டி போடுங்கள், அதை அவர்கள் கவனிப்பார்கள்.

நான் வைக்கும் மெனு சின்னது: இட்லி, கறிக்குழம்பு, கோலா உருண்டை, கொஞ்சம் சோறு, ரசம், தயிர். இனிப்புக்குத் தனியாக எதுவும் வேண்டாம், தீபாவளி வீட்டில் அதிரசமும் முறுக்கும் டின் டின்னாக இருக்குமே. எட்டு வகை, பத்து வகை என்று போனால் எல்லாமே சுமாராகத்தான் வரும்.

கறி வாங்குவதில் அசட்டையாக இருக்காதீர்கள். தீபாவளிக்கு முதல் நாள் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது, அவசரத்தில் எதையாவது வெட்டிக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டு, அன்று காலை 6 மணிக்குப் போய் நில்லுங்கள். தொங்கும் ஆட்டின் வாலைப் பாருங்கள்: வெள்ளாட்டு வால் குட்டையாக மேல் நோக்கி இருக்கும், செம்மறிக்குத் தொங்கும். தலைக்கு 150 கிராம் எலும்போடு என்றால் 18 பேருக்கு 3 கிலோ போதும். முன்னங்கால், நெஞ்செலும்பு, விலா கலந்து கேளுங்கள். முழுக்கத் தொடைக்கறி வாங்கினால் குழம்பு சப்பென்று இருக்கும், எலும்புதான் குழம்புக்கு உயிர். காலை இட்லிக்கும் சேர்த்து என்றால் ஒரு கிலோ எலும்பு கூடுதலாக. கோலாவுக்குக் கொழுப்பில்லாத கைமா 750 கிராம் தனியாக.

அடுத்தது பாத்திரம். வீட்டுக் கறிக்குழம்பு எல்லாருக்கும் வைக்கத் தெரியும், 3 கிலோவில் மாட்டிக்கொள்வது பாத்திரத்தில்தான். 5 லிட்டர் குக்கரில் இது அடங்காது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குக்கரை நிரப்பவும் கூடாது. பக்கத்து வீட்டில் 10 லிட்டர் குக்கர் இருந்தால் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் வாடகைப் பாத்திரக் கடையில் அடி கனமான குண்டான் ஒன்று. அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றினால் பக்கத்து பர்னரில் பால் பாத்திரம்கூட உட்காராது, இதை முதலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் சிலிண்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழம்பை மதியம் மூன்று மணிக்கு ஆரம்பியுங்கள். நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, சோம்பு, கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயம் முக்கால் கிலோ. முதல் நாளே யாரையாவது உட்கார வைத்து உரிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கு உட்கார்ந்தால் அதுவே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். வெங்காயம் வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது, அரைக் கிலோ தக்காளி, மஞ்சள்தூள், கறி. இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. கறி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, சளசள என்றிருந்த சத்தம் சடசட என்று மாறும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 3 கிலோவுக்கு இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டால் கவிச்சி போகாது, அப்புறம் எத்தனை மசாலா போட்டாலும் தெரியும்.

மசாலா கடைப் பாக்கெட்டை நம்பாமல் வறுத்து அரைப்பது நல்லது. 3 கிலோவுக்கு நான் போடுவது கிராம் கணக்கில் மல்லி 90, வற்றல் மிளகாய் 35, மிளகு 15, சீரகம் 15, சோம்பு 20. ஒரு கிலோவுக்கு நீங்கள் வழக்கமாகப் போடுவதை அப்படியே மூன்றால் பெருக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த அளவுக்கு வற்றாது, மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். சுடுதண்ணீர் இரண்டரை லிட்டரில் நிறுத்துங்கள். உப்பு, காரம் இரண்டையும் முதலில் முக்கால் பங்கு போட்டுவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குண்டான் என்றால் மூடி போட்டு மிதமான தீயில் ஒன்றே கால் மணி நேரம். எலும்பிலிருந்து கறி கழன்று வருகிற பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள், மறுபடி கொதிக்கப் போகிறதே.

இங்கேதான் அம்மாவின் சூட்சுமம். தேங்காய் அரைத்து ஊற்றாமல் குழம்பை இதோடு நிறுத்திவிட வேண்டும். தேங்காய் சேர்த்த குழம்பு சீக்கிரம் புளித்துப் போகும், சூடு பண்ணச் சூடு பண்ணத் திரிந்தும் போகும். ஒன்றரை மூடித் தேங்காய், மூன்று ஸ்பூன் கசகசா, கொஞ்சம் முந்திரி ஆகியவற்றை மைய அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். "ஒத்தக்கடை தாண்டிட்டோம்" என்று போன் வந்ததும் குழம்பை நன்றாகக் கொதிக்க விட்டு, விழுதை ஊற்றி, பத்து நிமிடம் சிறு தீயில். எண்ணெய் மேலே மிதந்து வரும். வந்தவர்கள் கைகால் கழுவிவிட்டு உட்காரும்போது அப்போதுதான் வைத்த குழம்பு மாதிரி இருக்கும். மறுநாள் காலைக்கு வேண்டிய பங்கைத் தேங்காய் ஊற்றும் முன்பே தனியாக எடுத்து, ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கோலா உருண்டைக்கு வருகிறேன். இது மட்டும்தான் வந்தவர்கள் கண்ணெதிரே சுடச்சுடச் செய்வது, மற்ற எல்லாவற்றையும் முன்னாலேயே முடிப்பதே இதற்காகத்தான். கைமாவைக் கழுவிப் பிழிந்து, மஞ்சளும் உப்பும் போட்டு வெறும் சட்டியில் தண்ணீர் சுண்டும் வரை வதக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் நின்றாலும் எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து கலங்கிவிடும். ஆறியதும் பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலோடு மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைத்து, 100 கிராம் பொட்டுக்கடலை மாவு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்துப் பிசையுங்கள். சின்ன எலுமிச்சை அளவில் பிடித்தால் நாற்பதுக்குக் குறையாமல் வரும். செட்டிநாட்டுப் பக்கம் உதிராமல் இருக்க வாழைநார் சுற்றுவார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பார்த்தால் போதும். பிரிந்தால் இன்னொரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. உருட்டித் தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் எண்ணெயைக் காய வையுங்கள். முதல் ஈடு முழுக்கக் குழந்தைகள் கைக்குப் போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இட்லிக்கு ராத்திரி, காலை இரண்டு வேளைக்கும் சேர்த்து 2 கிலோ இட்லி அரிசி, அரைக் கிலோ முழு உளுந்து. 2 லிட்டர் கிரைண்டரில் இரண்டு தடவையாக ஆட்ட வேண்டியிருக்கும். ஐப்பசி மழைக்காலம், மாவு லேசில் பொங்காது. விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆட்டிக் கையால் கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும், அப்புறம் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடலாம். ஆறு மணிக்கு அவிக்க ஆரம்பித்து, ஈரத்துணி போட்டு ஹாட்பேக்கில் அடுக்குங்கள். அசந்து வருகிறவர்களுக்குக் கடைசியில் கல்தோசை ஊற்றிக் கொடுக்கலாம், அதே மாவுதான். சோறு ஒரு கிலோ அரிசி போட்டால் போதும், ரசத்துக்கும் தயிருக்கும்தானே.

காரம் பற்றி ஒன்று. மேலே சொன்ன அளவு மதுரை நாக்குக்கு. மாப்பிள்ளைக்கு எந்த ஊர், காரம் எவ்வளவு தாங்குவார் என்று உங்கள் தங்கையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாப்பிள்ளைக்குக் கும்பகோணம். அந்த 9 இட்லியையும் கண்ணில் தண்ணீர் வர வரத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பதை மூன்று வருடம் கழித்துத்தான் சொன்னார்.