படலையடிக் கேள்விகள்: நோட்டீஸ் அடிக்காமல் வோட்டுக் கேட்பது

(பதில் சொல்பவர்: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்)

கேள்வி: வணக்கம் அம்மா. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் சுயேட்சைக் குழுவில் நிற்கச் சொல்லி மாதர் சங்கத்தில் கேட்கிறார்கள். நோட்டீஸ், சுவரொட்டி அடிக்கக் காசு இல்லை, அடிக்க விருப்பமும் இல்லை. “நோட்டீஸ் இல்லாமல் உன்னை ஆருக்குத் தெரியும்?” என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, முதலில் வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். 2018 தொடக்கம் உள்ளூராட்சித் தேர்தல் வட்டார முறையில் நடக்கிறது. அந்தச் சீட்டில் உங்கள் பெயரும் இல்லை, படமும் இல்லை. கட்சி அல்லது சுயேட்சைக் குழு, அதன் சின்னம், பக்கத்தில் புள்ளடி போட ஒரு கட்டம், அவ்வளவுதான். கலர் நோட்டீஸில் பார்த்த முகத்தை அங்கே தேடினால் கிடைக்காது. ஆகவே சனத்துக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: நீங்கள் எப்படிப்பட்டவர், உங்கள் சின்னம் எது. முதலாவதை எந்த நோட்டீஸும் சொல்லாது. இரண்டாவதை வாயாலேயே சொல்லிவிடலாம்.

சுவரொட்டியை மறந்துவிடுங்கள். தேர்தல் காலத்தில் பொது இடத்தில் ஒட்டுவதே சட்டவிரோதம். ஒட்டியதைப் பொலிசார் ஆள் வைத்துக் கிழித்து எடுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தபாலில் கடிதம் அனுப்புவது பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. 2018 பெப்ரவரி 10 தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, நான் ஒரு உப தபால் கந்தோரில் இருந்தேன். வேட்பாளர் ஒருவர் வெள்ளை உறையில், விலாசம் தட்டச்சுச் செய்து, வீடு வீடாகக் கடிதம் அனுப்பியிருந்தார். ஒரு பின்னேரம், கந்தோர் பூட்டும் நேரம், ஒரு அம்மா அந்த உறையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். உடைக்கவில்லை. அவருடைய மகன் 2009இல் காணாமல் போனவர். “கந்தோர்க் கடிதம் மாதிரிக் கிடக்கு பிள்ளை. என்ர பெடியன்ர சங்கதியோ தெரியேல்ல. நீங்களே உடைச்சு வாசியுங்கோ” என்றார். உடைத்தேன். வழவழப்பான தாளில் சிரித்த முகம், கீழே வாக்குறுதிகள். அதை அவருக்கு எப்படி வாசித்துக் காட்டுவது? “எலெக்சன் கடிதம் அம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாளைத் திரும்ப உறைக்குள் வைத்து, அதே தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

அனுப்பியவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கும் வீடுகள் வன்னியில் எத்தனையோ உண்டு. அந்த அம்மாவின் படலையடியில் ஒருமுறை நின்று பேசியிருந்தால், அந்த வீட்டுக்கு அப்படி ஒரு உறையை அனுப்ப அவருக்கு மனம் வந்திராது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். உங்கள் வட்டாரத்தில் 600 வீடு என்று வையுங்கள். ஒரு பின்னேரத்துக்கு 15 வீடு போனால் 40 பின்னேரம் வேண்டும். நியமனப் பத்திரம் கொடுத்த பிறகு தொடங்கினால் நாள் போதாது. இப்போதே தொடங்குங்கள். வோட்டுக் கேட்க வேண்டாம், சங்கத்துப் பிள்ளையாகப் போய் இருந்து கதையுங்கள். மத்தியானத்தில் போகாதீர்கள், அது உலை வைக்கிற நேரம். அரிவு வெட்டு நடக்கும் நாட்களில் வயற்கரைக்கே போங்கள். ஒரு கொப்பி கொண்டுபோய், அவர்கள் சொல்வதை அவர்களுக்கு முன்னாலேயே எழுதுங்கள். எந்த ஒழுங்கையில் மாரிக்குத் தண்ணீர் நிற்கிறது, எந்தச் சந்தியில் லைட் எரியவில்லை, எந்தக் கிணறு இறைக்கவில்லை என்று எல்லாம் வரும். பிரதேச சபையால் செய்ய முடியாததைக் கேட்டால், முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். காணி விடுவிப்பு சபையின் கையில் இல்லை. அதைத் தருவதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது.

சின்னம் கிடைத்த பிறகு இரண்டாம் சுற்று. கேத்தல் சின்னம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் இருக்கும் கேத்தலைக் காட்டி “இதுதான் ஆச்சி” என்றால் போதும். முற்றத்து மண்ணில் விரலால் கட்டம் கீறிப் புள்ளடி போட்டும் காட்டலாம். காது கேளாதவர் இருக்கும் வீட்டில் கொப்பித் தாளில் கீறிக் காட்டுங்கள். அந்த ஒரு இடத்தில் கடதாசி தேவைதான். சின்னத்தைக் காட்டுகிறேன் என்று யாருக்கும் கேத்தல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது லஞ்சக் கணக்கில் போய்விடும்.

போனை நம்பி இருந்துவிடவும் வேண்டாம். இளம் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பலாம். கேட்காமல் எவரையும் குழுவில் சேர்க்காதீர்கள். தனியே இருக்கும் ஆச்சிமாருக்கு உங்கள் கால் நடைதான்.

இன்னொன்று, இது என் பழைய தொழில். போகும் வீடுகளில் வாக்காளர் அட்டை வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் அடையாள அட்டையோடு தபால் கந்தோருக்குப் போகச் சொல்லுங்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி வோட்டுப் போடலாம். இது பலருக்குத் தெரியாது. உங்களுக்கு வோட்டுப் போடாத வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் செலவுக் கணக்கு. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் கொடுக்க வேண்டும். பெற்றோல், ஓட்டோக் கூலி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

மாமாவிடம் கோபிக்க வேண்டாம். முதல் பத்து வீட்டுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: காசு செலவழிக்காமல் உலகத்தில் யாராவது வென்றிருக்கிறார்களா?
- வாசகர், செட்டிகுளம்

பதில்: வென்றிருக்கிறார்கள் தம்பி. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துச் செனட்டர் வில்லியம் பிரொக்ஸ்மயர் 1976இலும் 1982இலும் நன்கொடை வாங்காமல், தேர்தலுக்கு 200 டொலருக்கும் குறைவாகச் செலவழித்து வென்றார். அதிலும் ஒரு பகுதி, கேட்காமல் வந்த நன்கொடைகளைத் திருப்பி அனுப்பிய தபால் செலவு. இதை அறிந்தபோது தபாற்காரியாகிய எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அவர் 1957 தொடக்கம் செனட்டில் இருந்தவர், ஊருக்கே தெரிந்த முகம். புதியவருக்குப் பொருந்துவது புளோரிடாவின் லோட்டன் சைல்ஸ். 1970இல் பெரிதாக அறியப்படாத அவர், 1,003 மைல், அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர், மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே வோட்டுக் கேட்டார். செனட்டராகவும் வந்தார்.

கேள்வி: எதிராளி எங்கள் சந்தியில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார். கிழிக்கலாமா?
- வாசகர், மல்லாவி

பதில்: கை வைக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி, மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கொடுங்கள்.